பனிக்கு முன்பே வந்த பென்குயின்கள்: புதைபடிவங்களிலிருந்து எதை உறுதியாகச் சொல்லலாம்?

நெய்தல்நிலவன் எழுதியது:

நியூசிலாந்தின் வடக்கு ஒடாகோ கடற்கரையில் பாறை உருண்டைகளுக்குள் கிடைத்த ஒரு பென்குயின், உயிரோடு இருந்தபோது ஏறத்தாழ 150 கிலோ எடை கொண்டிருக்கும் என்று 2023ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. குமிமானு ஃபோர்டைசெய் என்று பெயரிடப்பட்ட அந்தப் பறவை சுமார் 5.7 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. இன்றுள்ளவற்றில் மிகப் பெரியதான பேரரசப் பென்குயின் நன்றாகக் கொழுத்திருக்கும் காலத்திலும் 45 கிலோ அளவில்தான் இருக்கிறது என்பதால், செய்திகள் எல்லாம் அந்த எடையையே பிடித்துக்கொண்டன. அன்று முதல் இன்றுவரை இந்தத் தலைப்பில் தமிழில் நான் படித்தவை பெரும்பாலும் "மனிதனைவிடப் பெரிய பென்குயின்" என்ற ஒரே வரியைச் சுற்றியே எழுதப்பட்டுள்ளன.

அளவு வியப்பூட்டுவதுதான். ஆனால் பென்குயின் புதைபடிவங்கள் தரும் செய்திகளில் மிகக் குறைந்த உறுதியுடையது அளவுதான் என்று நான் கருதுகிறேன். ஒரு பறவைக் குலம் வானத்தைக் கைவிட்டுக் கடலுக்குள் இறங்கியபோது அதன் உடல் எந்த வரிசையில் மாறியது என்பதையே இந்த எலும்புகள் உறுதியாகச் சொல்கின்றன. அந்த வரிசையைப் பற்றிப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நியூசிலாந்தின் தென் தீவில், கேன்டர்பரி பகுதியில், வைப்பாரா என்ற சிறிய ஆறு ஓடுகிறது. அதன் கரையில் வெளிப்படும் பசுமணற்பாறை அடுக்கில் 1980ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட எலும்புகளுக்கு 2006ஆம் ஆண்டு வைமானு மேனரிங்கை என்ற பெயர் சூட்டப்பட்டது. காலம் சுமார் 6.1 கோடி ஆண்டுகளுக்கு முன். டைனோசர்களும் கடலில் வாழ்ந்த பேரூர்வனவும் அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தப் பேரழிவுக்குப் பின் ஐம்பது லட்சம் ஆண்டுகளுக்குள்ளாகவே பறக்க இயலாத, நீந்தி வேட்டையாடும் ஒரு பென்குயின் தெற்குக் கடலில் இருந்திருக்கிறது.

வைமானுவை நேரில் பார்த்திருந்தால் நம்மில் பலர் அதைப் பென்குயின் என்று சொல்லியிருக்க மாட்டோம். நீண்டு மெலிந்த அலகும், நீர்க்காகத்தை ஒத்த உடல் வாகும் அதற்கு இருந்தன. சிறகெலும்புகள் தட்டையாகத் தொடங்கிவிட்டன, ஆனால் இன்றைய பென்குயின்களில் ஏறக்குறைய இறுகிப்போயிருக்கும் முழங்கை மூட்டு அதில் இன்னும் மடங்கக்கூடியதாகவே இருந்தது. எலும்புகள் மட்டும் ஏற்கெனவே கெட்டியாகிவிட்டன. பறக்கும் பறவைகளின் எலும்பு இலேசாக இருக்க வேண்டும். மூழ்கும் பறவைக்கு அந்த இலேசு ஒரு தடை. ஆகவே எடை கூடியதும் பறத்தலை இழந்ததும் முதலில் நிகழ்ந்தன, துடுப்பு முழுமை பெற்றது பிறகு என்று கொள்ளலாம்.

குளிரைத் தாங்கும் அமைப்புகள் அதற்கும் பிந்தியவை. அண்டார்க்டிகாவில் பெரும் பனிப்படலம் உருவானது சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். பென்குயின்களின் வரலாற்றில் ஏறக்குறைய முதற்பாதி, பனி மூடாத ஒரு வெப்ப உலகில் கழிந்திருக்கிறது. நண்பர்கள் தங்கள் கருத்துகளையும் ஐயங்களையும் எழுத வேண்டுகிறேன்.

வினாவிரும்பி எழுதியது:

அருமையான தொடக்கம், ஐயா. எனக்கு அடிப்படையான ஓர் ஐயம் இருக்கிறது. பல நேரங்களில் ஒன்றிரண்டு எலும்புகள்தான் கிடைக்கின்றன என்று படிக்கிறேன். முழு எலும்புக்கூடு இல்லாமல், ஒரு கால் எலும்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இது பென்குயின்தான், நாரையோ வாத்தோ அல்ல என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

பாறைமொழி எழுதியது:

வினாவிரும்பியின் கேள்வி இந்தத் துறை பிறந்த இடத்துக்கே நம்மை அழைத்துச் செல்கிறது. அறிவியல் முறைப்படி விவரிக்கப்பட்ட முதல் பென்குயின் புதைபடிவமே ஒற்றைக் கால் எலும்புதான். ஒடாகோவில் ககனூயி பகுதியிலிருந்து வந்த அந்த எலும்பை வால்டர் மான்டெல் இலண்டனுக்கு அனுப்பினார். தாமஸ் ஹக்ஸ்லி அதை ஆராய்ந்து 1859ஆம் ஆண்டு பாலியூடிப்டீஸ் அண்டார்க்டிகஸ் என்று பெயரிட்டார். ஒரே எலும்பை வைத்து அவர் அன்று செய்த முடிவு, அதாவது இது இன்றைய இனங்களைவிடப் பெரியதொரு பென்குயின் என்பது, இன்றுவரை நிற்கிறது.

காரணம் இதுதான். பறவைகளில் கணுக்காலின் கீழ்ப்பகுதி எலும்புகளும் பாதத்தின் நீள எலும்புகளும் ஒன்றாக இணைந்து ஒரே எலும்பாகிவிடுகின்றன. கொக்கின் காலில் நாம் நீண்ட குச்சியாகப் பார்க்கும் பகுதி அது. மற்றப் பறவைகளில் இது ஒல்லியாக நீண்டிருக்கும், உள்ளே இணைந்த மூன்று எலும்புகளின் எல்லைகள் மறைந்துவிடும். பென்குயினில் மட்டும் இது குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். அந்த மூன்று எலும்புகளும் முழுமையாக ஒட்டாமல், இடையே பள்ளங்களும் துளைகளும் தெரியும்படி நிற்கும். பயிற்சி பெற்ற கண்ணுக்கு இதில் குழப்பம் வர வழியில்லை.

அடுத்தது சிறகின் மேல் எலும்பு. பறக்கும் பறவையில் அது உருளையானது. பென்குயினில் பலகைபோல் தட்டையானது. அதன் குறுக்கு வெட்டைப் பார்த்தால் உள்ளே காற்றறைகள் இல்லை, நடுவில் இருக்கும் வெற்றிடமும் குறுகியது. இந்தக் கெட்டித்தன்மையால்தான் பென்குயின் எலும்புகள் அலையிலும் மணலிலும் சிதையாமல் தப்பிப் பாறைக்குள் சேர்ந்தன. பறவைகளின் புதைபடிவங்கள் பொதுவாக அரிதானவை. பென்குயின்களுக்கு மட்டும் இவ்வளவு நெடிய பதிவு கிடைத்திருப்பதற்கு, அவை கடலில் வாழ்ந்து கடலடி வண்டலில் புதைந்ததும் எலும்புகள் கனமாக இருந்ததும் காரணங்கள்.

இன்று உயிருடன் இருப்பவை வழக்கமான கணக்கில் 18 இனங்கள். இதுவரை அறியப்பட்ட பென்குயின் இனங்களில் நான்கில் மூன்று பங்குக்கு அருகில் அழிந்துபோனவை. உயிருள்ளவற்றை மட்டும் பார்த்து இந்தக் குலத்தைப் பற்றிப் பேசினால் கதையின் பெரும்பகுதியை விட்டுவிடுகிறோம்.

அளவுகோல் எழுதியது:

நெய்தல்நிலவன் அவர்கள் அளவை உறுதியற்றது என்று ஒதுக்கியதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அண்டார்க்டிக் தீபகற்பத்தை ஒட்டிய சீமோர் தீவில் கிடைத்த பாலியூடிப்டீஸ் கிளெகோவ்ஸ்கியி என்ற இனத்துக்கு 2 மீட்டர் நீளமும் சுமார் 115 கிலோ எடையும் 2014ஆம் ஆண்டு கணக்கிடப்பட்டன. அர்ஜென்டினாவின் லா பிளாட்டா அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கரோலினா அகோஸ்டா ஹாஸ்பிடலேச்சே செய்த கணக்கு அது. அந்த இனத்தின் பாத எலும்பு மட்டுமே 9.1 சென்டிமீட்டர் நீளம். எலும்பு பெரியது என்றால் பறவையும் பெரியதாகத்தானே இருக்க வேண்டும்? உடலின் அளவு தெரியாமல் அது எவ்வளவு ஆழம் மூழ்கியது, எதைத் தின்றது, உடல் வெப்பத்தை எப்படிக் காத்தது என்று எதையும் பேச இயலாது.

நெய்தல்நிலவன் எழுதியது:

அளவுகோல் அவர்களே, அவை பெரிய பறவைகள் என்பதை நான் மறுக்கவில்லை. "இரண்டு மீட்டர்" போன்ற துல்லியமான எண்ணை நாம் கையாளும் விதம்தான் என் கவலை.

முதலில், அந்த 2 மீட்டர் என்பது பறவையை நீட்டிப் படுக்க வைத்து, அலகின் நுனியிலிருந்து கால்விரல் நுனிவரை அளந்தால் வரக்கூடிய நீளம். நிற்கும்போது பென்குயின் கழுத்தை வளைத்து, முழங்கால்களை உடலுக்குள் மடித்து நிற்கிறது. ஆகவே நின்ற உயரம் அதைவிடக் கணிசமாகக் குறையும். செய்திப் படங்களில் ஆறடி மனிதனுக்குப் பக்கத்தில் ஆறரை அடிப் பென்குயினை நிற்க வைப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

இரண்டாவது, உடல் விகிதம். ஒரு கால் எலும்பிலிருந்து முழு உடலைக் கணக்கிடும்போது, அழிந்த இனத்தின் கால், உடல், அலகு ஆகியவற்றின் விகிதம் இன்றைய பென்குயினைப் போலவே இருந்தது என்று நாம் அனுமானிக்கிறோம். புதைபடிவங்களே அந்த அனுமானத்தை உடைத்துவிட்டன. பெரு நாட்டின் இக்கா பாலைநிலத்தில் கிடைத்து 2007ஆம் ஆண்டு விவரிக்கப்பட்ட, 3.6 கோடி ஆண்டுப் பழமையான இக்காடிப்டீஸ் சலாசியின் அலகு ஈட்டியைப் போல நீண்டது. அலகின் நீளமும் மொத்த நீளத்தில் சேர்ந்துவிடுகிறது. நியூசிலாந்தின் வட தீவில் கவியா துறைமுகத்தில் கிடைத்து 2021ஆம் ஆண்டு பெயரிடப்பட்ட கைருக்கு வேவேரோவாவின் கால்கள், அதே பேரினத்தைச் சேர்ந்த தென் தீவு உறவினங்களின் கால்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு நீளமானவை. ஒரே பேரினத்துக்குள்ளேயே கால் விகிதம் இப்படி மாறும் என்றால், ஒற்றைக் கால் எலும்பிலிருந்து கணக்கிட்ட உயரத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கைருக்குவின் எலும்புக்கூடுகள் ஓரளவு முழுமையாகக் கிடைத்துள்ளன. 2012ஆம் ஆண்டு விவரிக்கப்பட்ட கைருக்கு கிரெப்னெஃபியின் உயரம் சுமார் 1.3 மீட்டர் என்று சொல்லும்போது எனக்கு அதில் நம்பிக்கை வருகிறது. காரணம், கழுத்தும் முதுகும் காலும் சிறகும் உண்மையில் கைக்குக் கிடைத்திருக்கின்றன. எண் சிறியதாக இருந்தாலும் அதன் பின்னால் நிற்கும் சான்று பெரியது.

அளவுகோல் எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி. உயரத்தைப் பற்றிய வாதத்தை ஏற்கிறேன். ஆனால் எடை வேறு. 2023ஆம் ஆண்டின் ஆய்வில் டேனியல் கெசெப்காவும் அவருடைய குழுவினரும் இன்றைய பென்குயின்களின் நூற்றுக்கணக்கான எலும்புகளை அளந்து, சிறகின் மேல் எலும்பின் பருமனுக்கும் உடல் எடைக்கும் உள்ள தொடர்பைச் சமன்பாடாக்கி, அதில் புதைபடிவத்தின் அளவைப் பொருத்தினர். நீரைத் தள்ளி உடலை முன்னே செலுத்துவது அந்த எலும்புதான். உடல் எவ்வளவு கனமோ அதற்கேற்ற உறுதி அதற்கு வேண்டும். கால் நீளத்தைப் போல அது மனம்போன போக்கில் மாற இயலாது.

பாறைமொழி எழுதியது:

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது என்றாலும், ஒரு கணித எச்சரிக்கையைச் சேர்க்க வேண்டும். சமன்பாட்டுக்கு அடிப்படையான பறவைகளில் மிகச் சிறியது 1 கிலோ அளவிலான குட்டிப் பென்குயின் என்ற இனம், மிகப் பெரியது பேரரசப் பென்குயின். அந்த எல்லைக்குள் கணக்கிடுவது ஒன்று. எல்லையைத் தாண்டி மும்மடங்கு தொலைவுக்குக் கோட்டை நீட்டுவது வேறொன்று. 150 கிலோ என்ற எண் இன்று கிடைக்கும் மிகச் சிறந்த மதிப்பீடு என்பதில் ஐயமில்லை. அது 120 ஆகவோ 170 ஆகவோ இருந்திருந்தால்கூட எனக்கு வியப்பு வராது.

அந்தக் கட்டுரையில் என்னை மிகவும் ஈர்த்தது வேறொரு செய்தி. குமிமானுவின் துடுப்புச் சிறகு மெலிந்தே இருந்தது. அதில் தசைகள் பற்றியிருந்த இடங்கள் பறக்கும் பறவைகளில் இருப்பதை இன்னும் நினைவூட்டுகின்றன. அதாவது திறமையான துடுப்பு உருவாகும் முன்பே உடல் பேருருவாகிவிட்டது. வைப்பாராவிலும் இதற்குத் துணைச் சான்று உண்டு: 6.1 கோடி ஆண்டுப் பழமையான அதே பசுமணற்பாறையில், வைமானுவைவிட மிகப் பெரியதொரு பென்குயினின் கால் எலும்புகள் கிடைத்ததாக 2017இல் ஜெரால்ட் மேயரும் குழுவினரும் அறிவித்தனர். பறக்க வேண்டும் என்ற கட்டாயம் நீங்கியவுடன் எடைக்கு இருந்த வரம்பும் நீங்கிவிட்டது. பெரிய உடல் வெப்பத்தை மெதுவாக இழக்கும், அதிக நேரம் மூச்சடக்கி மூழ்கும், பெரிய இரையைப் பிடிக்கும். பேருருவம் ஒரே மரபுவழியில் ஒருமுறை தோன்றித் தொடரவில்லை. வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே மீண்டும் மீண்டும் தோன்றியது என்பதே குமிமானு பேரினத்தை முதன்முதலில் விவரித்த 2017ஆம் ஆண்டுக் கட்டுரையின் முடிவும்.

கடலோரத்தாள் எழுதியது:

நான் பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறேன். மாணவர்கள் கேட்பது ஒன்றே: அந்தப் பழங்காலப் பென்குயின்களும் கறுப்பு வெள்ளையாக இருந்தனவா? எலும்பிலிருந்து நிறம் தெரியாது என்றுதான் இதுவரை சொல்லி வந்தேன்.

செந்நாரை எழுதியது:

எலும்பிலிருந்து தெரியாது, அம்மா. ஆனால் இறகு கிடைத்தால் தெரியும். பெருவின் பராக்காஸ் பகுதியில் கிடைத்து 2010ஆம் ஆண்டு ஜூலியா கிளார்க்கும் குழுவினரும் விவரித்த இன்காயாகு பராக்காசென்சிஸ் என்ற பென்குயினில் இறகுகளும் பதிந்திருந்தன. காலம் 3.6 கோடி ஆண்டுகளுக்கு முன். நீளம் சுமார் ஒன்றரை மீட்டர்.

இறகின் நிறத்தைத் தரும் மெலனின் நிறமி, மெலனோசோம் எனப்படும் நுண்ணிய உறைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. அந்த உறைகளின் வடிவம் நிறத்தைப் பொறுத்து மாறும். நிறமே சிதைந்துபோனாலும் உறைகளின் வடிவம் பாறையில் தங்கிவிடுவதுண்டு. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, இன்றைய பறவைகளின் மெலனோசோம்களோடு ஒப்பிட்டு, இன்காயாகுவின் இறகுகள் சாம்பலும் செம்பழுப்புமாக இருந்தன என்று முடிவு செய்தனர்.

இதைவிட ஆழமான செய்தி ஒன்றும் அதே இறகுகளில் இருக்கிறது. இன்றைய பென்குயின்களின் மெலனோசோம்கள் மற்றப் பறவைகளில் காணாத அளவு பெரியவை, கொத்துக் கொத்தாகத் திரண்டவை. இன்காயாகுவில் அப்படி இல்லை. அதன் மெலனோசோம்கள் பிற பறவைகளினுடையவற்றைப் போன்றவை. ஆனால் அதன் சிறகிறகுகளின் வடிவமோ ஏற்கெனவே பென்குயினுக்கே உரியது: குட்டையாக, விறைப்பாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நிலையில், சிறகை ஒடுங்கிய துடுப்பாக்கும்படி அமைந்திருந்தது. இறகின் வடிவம் முன்னே மாறியது, அதனுள் இருக்கும் நுண்ணமைப்பும் நிறமும் பின்னே மாறின. நெய்தல்நிலவன் அவர்கள் தொடக்கத்தில் சொன்ன வரிசைக்கு இது மிக நேர்த்தியான சான்று.

ஆகவே மாணவர்களிடம், ஒரே ஓர் இனத்தைப் பொறுத்தவரை நமக்கு விடை தெரியும் என்றும், அது கறுப்பு வெள்ளை அல்ல என்றும் தயங்காமல் சொல்லலாம். எல்லாப் பழம் பென்குயின்களும் அப்படித்தான் என்று மட்டும் பொதுமைப்படுத்த வேண்டாம்.

கடலோரத்தாள் எழுதியது:

மிக்க நன்றி. அடுத்த வகுப்பில் இதையே சொல்கிறேன். பெரு என்பது வெப்பப் பகுதியாயிற்றே? அண்டார்க்டிகாவிலிருந்து அவ்வளவு வடக்கே அக்காலத்தில் அவை எப்படிப் போயின?

நெய்தல்நிலவன் எழுதியது:

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். இக்காடிப்டீஸுடன் அதே 2007ஆம் ஆண்டுக் கட்டுரையில் பெருடிப்டீஸ் டெவ்ரீசி என்ற மற்றொரு பென்குயினும் விவரிக்கப்பட்டது; அதன் காலம் சுமார் 4.2 கோடி ஆண்டுகளுக்கு முன். அதற்கு முன்புவரை, பூமி குளிர்ந்த பிறகே பென்குயின்கள் நிலநடுக்கோட்டை நோக்கி வந்தன என்று பலர் எண்ணினர். பெருவின் எலும்புகள் அந்த எண்ணத்தைத் தகர்த்தன. உலகம் இன்றைவிட வெப்பமாக இருந்தபோதே, நிலநடுக்கோட்டுக்கு அருகில், ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் வாழ்ந்திருக்கின்றன.

இன்னொரு பக்கம், சீமோர் தீவைப் பாருங்கள். ஓட்டோ நோர்டன்ஷெல்டின் சுவீடன் பயணக்குழு 1901 முதல் 1903 வரை அப்பகுதியில் இருந்தபோது அங்குப் பென்குயின் எலும்புகளைச் சேகரித்தது. அவர்களின் கப்பல் பனியில் நொறுங்கி மூழ்கியது. 1903 நவம்பரில் அர்ஜென்டினாவின் உருகுவே என்ற கப்பல் வந்து அவர்களை மீட்டது. அத்தனை இடருக்கும் இடையே காப்பாற்றிக் கொண்டுவந்த எலும்புகளை ஆராய்ந்து 1905ஆம் ஆண்டு கார்ல் விமான் அந்த்ரோபோர்னிஸ் நோர்டன்ஷெல்டி உள்ளிட்ட இனங்களை விவரித்தார். அந்த எலும்புகள் புதைந்த இயோசீன் காலத்தில் (சுமார் 5.6 கோடி முதல் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை) அங்கே தென்பீச் மரக்காடுகள் இருந்தன, மரங்களுக்கிடையே கங்காருவுக்கு உறவான பைம்மாப் பாலூட்டிகள் திரிந்தன. கரையில் பென்குயின்கள், சிறியவையும் பேருருவங்களுமாக, பல இனங்கள் ஒன்றாக வாழ்ந்தன.

குளிருக்கான அமைப்பு ஒன்று அக்காலத்திலேயே தோன்றிவிட்டது என்பதுதான் இதில் புதிர். இன்றைய பென்குயினின் சிறகில், மேல் எலும்பை ஒட்டி, தமனிகளும் சிரைகளும் பின்னிய ஒரு வலை இருக்கிறது. உடலிலிருந்து வெளியே போகும் சூடான குருதி, சிறகிலிருந்து திரும்பும் குளிர்ந்த குருதிக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறது. அதனால் துடுப்பின் வழியே வெப்பம் வீணாவதில்லை. அந்த நாளங்கள் எலும்பின்மேல் பள்ளங்களை விட்டுச்செல்கின்றன. டேனியல் தாமஸ், கெசெப்கா, யூவான் ஃபோர்டைஸ் மூவரும் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் பழைய எலும்புகளில் அந்தப் பள்ளங்களைத் தேடினர். வைமானுவில் அவை இல்லை. சுமார் 4.9 கோடி ஆண்டுப் பழமையான சீமோர் தீவு எலும்புகளில் இருக்கின்றன. அது புவி வெப்பம் மிகுந்திருந்த காலம்!

வெப்ப உலகில் வெப்பத்தைச் சேமிக்கும் கருவி எதற்கு? கடல் நீர், காற்றைவிடப் பன்மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை உறிஞ்சிவிடும். நாள் முழுவதும் நீந்தி நெடுந்தூரம் இரை தேடும் பறவைக்கு இதமான கடலும் குளிர்ந்த கடல்தான். ஆழத்தில் நீர் இன்னும் குளிர்ந்திருக்கும். ஆகவே அந்த அமைப்பு நீண்ட நேர நீச்சலுக்காக உருவாகியிருக்க வேண்டும். ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஆண்டுகள் கழித்து அண்டார்க்டிகா உறைந்தபோது, பென்குயின்கள் அந்தப் பனிக்குள் நுழைய அது துணை செய்தது. பனிதான் பென்குயினை உருவாக்கியது என்ற பாடப்புத்தக எண்ணம் தலைகீழானது என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவே முதன்மையான ஆதாரம்.

வினாவிரும்பி எழுதியது:

அப்படியானால் இவ்வளவு வெற்றிகரமாக வாழ்ந்த பேருருவங்கள் ஏன் அழிந்தன? பேரரசப் பென்குயினுக்கு மேல் ஒன்றுகூட மிஞ்சவில்லையே.

அளவுகோல் எழுதியது:

கடல் பாலூட்டிகள்தான் காரணம் என்பது பழைய விடை. பென்குயின்களைத் தம் வாழ்நாள் முழுவதும் விரும்பி ஆராய்ந்த ஜார்ஜ் கேலார்ட் சிம்ப்சன் முன்வைத்த கருத்து அது. பல் திமிங்கிலங்களும் சீல்களும் பெருகியபோது, அதே இரையை அதே முறையில் பிடித்த பெரிய பென்குயின்கள் போட்டியில் தோற்றன என்பது வாதம். இதற்கு வலுவான துணை வடபசிபிக்கில் இருக்கிறது. அங்கே பென்குயின் கிடையாது. ஆனால் ஜப்பானிலும் வட அமெரிக்கக் கரையிலும் புளோட்டோப்டெரிட் என்ற பறவைக் குடும்பம் வாழ்ந்தது. நீர்க்காகங்களுக்கும் கேனட் என்ற கடற்பறவைகளுக்கும் நெருங்கிய அவை, பென்குயினோடு எந்த நேரடி உறவும் இல்லாமலே, சிறகால் நீந்தும் அதே உடலமைப்பைப் பெற்றன. அவற்றில் சில 2 மீட்டர் வரை வளர்ந்தன. வைப்பாராவின் பழம் பென்குயின்களோடு அவற்றின் எலும்புகள் எவ்வளவு நெருங்கி ஒத்திருக்கின்றன என்பதை மேயரும் அவருடைய குழுவினரும் 2020ஆம் ஆண்டு விரிவாகக் காட்டினர். அந்தக் குடும்பமும் ஏறக்குறைய அதே காலத்தில் மறைந்தது. இரு பெருங்கடல்களில், உறவில்லாத இரு குலங்களின் பேருருவங்கள் ஒரே காலத்தில் மறைவது தற்செயலாக இருக்குமா?

பாறைமொழி எழுதியது:

கவர்ச்சியான வாதம்தான், ஆனால் காலக்கணக்கில் ஓர் இடர் இருக்கிறது. கைருக்கு வாழ்ந்தது சுமார் 2.7 கோடி ஆண்டுகளுக்கு முன். அதே ஒடாகோ, கேன்டர்பரிப் பாறைகளில் அதே காலத்துப் பல் திமிங்கிலங்களும் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஃபோர்டைஸ் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை அந்தத் திமிங்கிலங்களுக்கும் பென்குயின்களுக்கும் சேர்த்தே செலவிட்டார். போட்டி அவ்வளவு கொடியதாக இருந்திருந்தால், இரண்டும் ஒரே கடலில் பல லட்சம் ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தது எப்படி?

முட்டையிடும் இடத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒலிகோசீன் காலத்தில் (சுமார் 3.4 கோடி முதல் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை) இன்றைய நியூசிலாந்து நிலத்தின் பெரும்பகுதி நீரில் மூழ்கி, ஆழமற்ற கடலும் சிதறிய தீவுகளுமாக இருந்தது. பகைவிலங்குகள் குறைந்த தீவுகளும் சுற்றிலும் இரை மிகுந்த கடலும் பெரிய பறவைகளுக்கு ஏற்றவை. நிலம் மேலெழுந்து கடற்கரையின் வடிவம் மாறியபோது அந்தச் சூழலும் மாறியது. பென்குயின் எவ்வளவு தூரம் கடலுக்குள் போனாலும் முட்டையிட நிலத்துக்கு வந்தே ஆக வேண்டும். திமிங்கிலத்துக்கு அந்தத் தளை இல்லை. என் கணிப்பில் போட்டி ஒரு காரணம், முழுக் காரணம் அல்ல.

சிறிய பென்குயின்களின் கதையையும் இத்துடன் வைத்துப் பார்ப்பது நல்லது. நியூசிலாந்தின் தென் தீவிலுள்ள ஹகடரமியா பள்ளத்தாக்கில் 1987ஆம் ஆண்டே சேகரித்து வைத்திருந்த மூன்று எலும்புகள் 2024ஆம் ஆண்டு பக்குடிப்டீஸ் என்ற பெயரில் விவரிக்கப்பட்டன. சுமார் 2.4 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அது இன்றைய குட்டிப் பென்குயின் அளவே இருந்தது. தோள் மூட்டு புதியவற்றைப் போலவும் முழங்கை பழையவற்றைப் போலவும் இருப்பதுதான் அதன் சிறப்பு. பேருருவங்கள் மறைந்துகொண்டிருந்த காலத்திலேயே இன்றைய சிறகின் இயக்கம் சிறிய உடல்களில் உருவாகிக்கொண்டிருந்திருக்கிறது.

செந்நாரை எழுதியது:

மரபணுச் சான்றையும் இங்கே சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் எலும்பும் மரபணுவும் எங்கே மோதின என்பது இத்துறையில் நடந்த மிகப் பயனுள்ள விவாதம். 2006ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, இன்றைய பென்குயின்கள் அனைத்துக்கும் பொதுவான மூதாதை சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்க்டிகாவில் வாழ்ந்தது என்றும், குளிர் கூடக் கூட அதன் வழித்தோன்றல்கள் வடக்கே பரவின என்றும் சொன்னது. ஆனால் அந்தக் காலத்துப் பாறைகளில் கிடைத்த பென்குயின்கள் எல்லாம் பழைய கிளைகளைச் சேர்ந்தவை. இன்றைய வகையைச் சேர்ந்த ஒன்றுகூட அவற்றில் இல்லை.

புதைபடிவங்களின் காலத்தைக் கணக்கீட்டுக்குள் சேர்த்துக்கொண்ட பின்னர் அந்த எண் இறங்கத் தொடங்கியது. 2020ஆம் ஆண்டின் முழு மரபணுத்தொகுப்பு ஆய்வு ஒன்று 2.2 கோடி ஆண்டுகள் என்றும், மூதாதையின் இடம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் கடற்பகுதி என்றும் சொன்னது. 2022ஆம் ஆண்டு தெரேசா கோலும் குழுவினரும் புதைபடிவங்களையும் மரபணுக்களையும் இணைத்துச் செய்த ஆய்வு சுமார் 1.4 கோடி ஆண்டுகள் என்றது. பறவைகளிலேயே மிக மெதுவாகப் படிமலர்ச்சி அடையும் குலங்களில் பென்குயினும் ஒன்று என்பதும் அதே ஆய்வின் முடிவு. தொடக்கத்தில் வேகமாக மாறிய உடல், கடலுக்குப் பொருந்திய பின் மாற்றத்தைக் குறைத்துக்கொண்டது.

இரண்டு எண்களில் எது நிலைக்கும் என்பது இருக்கட்டும். பாறையில் கிடைத்த எலும்புகள் இல்லாதிருந்தால் நாம் இன்னும் 4 கோடி என்றே எழுதிக்கொண்டிருப்போம்.

கடலோரத்தாள் எழுதியது:

கவியா பென்குயினைப் பற்றி மேலே நெய்தல்நிலவன் அவர்கள் குறிப்பிட்டார்கள். அதைக் கண்டெடுத்தவர்கள் குழந்தைகள் என்று எங்கோ படித்த நினைவு. அது உண்மையா?

நெய்தல்நிலவன் எழுதியது:

உண்மைதான். 2006 ஜனவரியில் ஹாமில்டன் நகரத்தின் இளையோர் இயற்கை ஆர்வலர் மன்றம் புதைபடிவம் தேடும் பயணமாகக் கவியாவுக்குச் சென்றது. அங்கே அலை வாரிச்சென்ற கரையில் எலும்புகள் தெரிந்தன. மணற்பாறையிலிருந்து எலும்புக்கூட்டை அவர்களே வெட்டி எடுத்துக் காப்பாற்றினர். 2017ஆம் ஆண்டு வைக்காட்டோ அருங்காட்சியகத்துக்கு அது வழங்கப்பட்டது. பிறகு மாஸி பல்கலைக்கழகத்தின் சிமோன் ஜொவனார்டி தலைமையிலான குழு எலும்புகளை முப்பரிமாண முறையில் பதிவு செய்து ஆராய்ந்து, புதிய இனம் என்று நிறுவியது. அலை இன்னும் சில பருவங்கள் அடித்திருந்தால் அந்த எலும்புக்கூடு கரைந்துபோயிருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். இதையும் உங்கள் வகுப்பில் சொல்லுங்கள். 1968ஆம் ஆண்டு கேன்டர்பரிக் கடற்கரையில் ஒரு பள்ளி மாணவர் கண்டெடுத்த எலும்புதான் பேரரசப் பென்குயினுக்கு நெருங்கிய, அழிந்த ஓர் இனத்தை நமக்கு அறிமுகப்படுத்தியது. அதை விவரித்தவர் சிம்ப்சன்.

வினாவிரும்பி எழுதியது:

கடைசியாக ஒன்று. பறக்கக்கூடிய மூதாதை எங்கே? வைமானு ஏற்கெனவே பறக்க இயலாதது என்கிறீர்கள். அதற்கு முந்திய படி கிடைத்திருக்கிறதா?

பாறைமொழி எழுதியது:

இதுவரை கிடைக்கவில்லை. மரபணுச் சான்றின்படி பென்குயின்களுக்கு மிக நெருங்கிய உறவினங்கள் அல்பட்ராஸ்களும் பெட்ரல்களும் அடங்கிய வரிசை. ஆகவே பறக்கவும் சிறகால் நீருக்குள் நீந்தவும் கூடிய ஒரு கடற்பறவையைத்தான் தேட வேண்டும். அது வாழ்ந்திருக்கக்கூடிய காலம் 6.6 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன்பிருந்து 6.2 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை.

அந்த வயதுடைய கடலடிப் பாறைகள் தெற்கே ஒரு சில இடங்களில்தான் மேலே தெரிகின்றன. அவற்றில் நம்பிக்கை தருவது நியூசிலாந்துக்குக் கிழக்கே உள்ள சாத்தம் தீவுகள். அங்கே கிடைத்து 2019ஆம் ஆண்டு விவரிக்கப்பட்ட குபோபோ ஸ்டில்வெல்லியின் காலம் 6.25 கோடிக்கும் 6 கோடிக்கும் இடைப்பட்டது. வைமானுவின் காலத்தை ஒட்டியதாக இருந்தும், அதன் கால்களின் விகிதம் இன்றைய பென்குயின்களை நெருங்கி நிற்கிறது. ஆகவே கிளைகள் அதற்கும் முன்பே பிரிந்துவிட்டன. மூதாதையைத் தேடுபவர்கள் வைப்பாராவின் பசுமணற்பாறைக்கு அடியிலுள்ள அடுக்குகளையும், சாத்தம் தீவுகளில் அலை அரிக்கும் பாறைகளையும் இன்னும் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.